கதவைச் சாத்துகிறவள்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போட்டது சிவப்பு நிறம்தான்.

என் புருஷன் தெய்சோ கல்தச்சர். ஹமாதா ஊரில் பாதிக் கல்லறைக் கல் அவர் வெட்டியது. புருஷன் போய்ச் சேர்ந்து பெண்டாட்டி மட்டும் இருந்தால், இரண்டு பெயரையும் ஒரே கல்லில் வெட்டி, உயிரோடு இருக்கிறவள் பெயரில் சிவப்புச் சாயம் ரொப்பி வைப்பார். அவளும் போன பிறகு உளியோடு போய் அந்தச் சிவப்பைச் சுரண்டிவிட்டு வருவார். எனக்குச் சிவப்பு மசி. தபாலில் பாடம் சொல்லித்தரும் கம்பெனி ஒன்றுக்கு, வீட்டில் உட்கார்ந்தபடியே, பிள்ளைகளின் இலக்கிய, ஆங்கில வீட்டுப்பாடத்தைத் திருத்திக்கொடுத்தேன். பதினேழு வருஷம்.

"நீயும் நானும் ஒரே தொழில்தாண்டி. யாரு இருக்கா, யாரு இல்லைன்னு சிவப்புல எழுதுறோம்" என்பார் அவர்.

"உங்க ஆளுங்க திரும்பக் கேள்வி கேக்க மாட்டாங்க. என் ஆளுங்க கேக்குதுங்க, உயிரை வாங்குதுங்க" என்பேன் நான்.

பிள்ளைகளுக்கு மாதத்துக்கு ஒரு கேள்விச் சீட்டு உண்டு. பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தில் புரியாததை எழுதி அனுப்பினால், பத்து நாளுக்குள் நான் பதில் எழுதவேண்டும். கம்பெனிக்காரன் அதற்கு ஒரு கட்டு விதி வைத்திருந்தான். முதல் வரி பாராட்டாக இருக்கவேண்டும். 'தப்பு' என்ற சொல்லே வரக்கூடாது. வீட்டு விஷயம் கேட்கக் கூடாது. பிள்ளையோடு நேரில் பேசக் கூடாது, முகவரி தேடக் கூடாது. இதெல்லாம் பார்த்தால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மக்கு விடைக்கு என்னத்தைப் பாராட்டுவது? 'உன் கையெழுத்து அழகு' என்று எழுதிவிட்டு மேலே போவேன்.

நிஷிவாகி சாயோவின் முதல் சீட்டு செப்டம்பரில் வந்தது. நடுநிலைப் பள்ளி முதல் வருஷம், பதின்மூன்று வயது. பெயரைப் படிப்பதற்கு முன்பே இடதுகைப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. குறுக்கே எழுதும்போது இடது கை எழுதிய வரியின் மேலேயே போகும். பென்சில் கரி தேய்ந்து தாள் முழுக்கச் சாம்பல் பூசியிருந்தது. நூறு தாளில் நாலு தாள் அப்படி வரும்.

அவள் கேட்டது ஆங்கிலப் பாடத்து வீட்டுப்பாடம். குளிர்காலத்தில் ஒரு வீடு. அப்பா பேப்பர் படிக்கிறார். அம்மா ஆரஞ்சு உரிக்கிறாள். மகள் பாடம் எழுதுகிறாள். 'குளிருகிறது' என்கிறாள் அம்மா. அடுத்த வரியில், கதவு சாத்தியிருக்கிறது. அறையில் எத்தனை பேர் என்பது கேள்வி. பள்ளிக்கூடத்து விடை மூன்று. சாயோ நான்கு என்று எழுதியிருந்தாள்.

'டீச்சர், அப்பா கையில பேப்பர் இருக்கு. அம்மா கையில ஆரஞ்சு. அந்தப் பொண்ணு கையில பென்சில். மூணு பேரும் எந்திரிக்கவே இல்லை. அப்போ கதவை யாரு சாத்துனா?'

நான் பாடத்தை எடுத்து மூன்று தடவை படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவள் சொன்னது சரி. யாருமே எழுந்திருக்கவில்லை. பாடம் எழுதிய மகராசன் அதை யோசிக்கவே இல்லை. உண்மையை எழுதுவதென்றால், 'பாடத்தில் ஓட்டை இருக்கிறது, நீ பார்த்துவிட்டாய்' என்று எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு இன்னும் நாற்பது தாள் பாக்கி. பத்தாயிரம் தடவை எழுதித் தேய்ந்துபோன வரியையே எழுதினேன்.

'ரொம்பக் கூர்மையான கண் உனக்கு! ஆனால் வாசிப்புப் பாடத்துக்கு ஒரே விதிதான். பத்தியில் எழுதியிருப்பவரை மட்டும் எண்ணு. எழுதாதவர் இல்லாதவர்.'

கீழே வழக்கமாக வரையும் தவளையையும் வரைந்து உறையில் போட்டேன்.

அக்டோபர் சீட்டு இலக்கியப் பாடத்தைப் பற்றியது. ஒரு மீனவன் கதை. அவன் அம்மா என்ன நினைத்தாள் என்பது கேள்வி. அதற்குச் சாயோ எழுதிய விடை அருமையாக இருந்தது. நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. சீட்டின் கீழே, சின்ன எழுத்தில் வேறு ஒன்று.

'டீச்சர், எங்க வீட்லயும் அப்படித்தான். நாங்க மூணு பேரு. அம்மா "குளிருது"ன்னு சொன்னா, யாரும் எந்திரிக்காமலே கதவு சாத்திக்குது. நான் திரும்பிப் பாத்தேன். ஒரு பொண்ணு. என் வயசுதான். கதவுக்கு இந்தப் பக்கமாவே நிக்கிறா. அப்பா அம்மாவுக்குத் தெரியலை. அவளை எண்ணணுமா, வேண்டாமா?'

படித்ததும் எங்கள் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே சிரிப்பு வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் ஒற்றைப் பிள்ளைக்கு இதெல்லாம் வரும். கூடப் பிறந்தவள் ஒருத்தி வேண்டும் என்ற ஆசை. தெய்சோவிடம் காட்டினேன். அவர் கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டே படித்தார்.

"என்னடி எழுதப் போற?"

"கற்பனை நல்லா இருக்கு, வீட்டுப்பாடத்துல சேக்காதேன்னு எழுதுவேன். வேற என்ன?"

"என் தொழில்ல, இருக்காங்களா இல்லையான்னு சந்தேகம் வந்தா, நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் சிவப்பைத் தொடுவோம்."

"உங்க தொழில்ல ஒரு கல்லுக்கு ஒரு மாசம். எனக்கு ஒரு தாளுக்கு எட்டு நிமிஷம். வாயை மூடிக்கிட்டு மிசோ சூப்பைக் குடிங்க."

பழைய விதியையே இன்னும் அழுத்தி எழுதி அனுப்பினேன். எழுதாதவர் இல்லாதவர்.

நவம்பரில் வந்தது ஒரு கட்டுரை. 'எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை' என்பது பள்ளியில் கொடுத்த தலைப்பு. திருத்தித் தரச்சொல்லிச் சீட்டோடு இணைத்திருந்தாள். சீட்டில் இப்படி இருந்தது.

'டீச்சர், நீங்க சொன்னதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். எழுதலைன்னா நீ இல்லையாம்னு. அவ ரொம்ப அழுதா. பாவமா இருந்துச்சு. அவளையும் எழுதலாம்னு பாத்தா அவளுக்குப் பேரே இல்லை. அதனால இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் என் பேரை அவளுக்குக் குடுத்திருக்கேன். நான் வெறும் "நான்"னு வர்றேன். சரியா?'

அந்தச் சீட்டை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வேன். மாதக் கடைசி, கண் எரிந்தது, ஓடவிட்டேன். கட்டுரையை மட்டும் திருத்தினேன். அப்பா பனி தள்ளினார், அம்மா சோறு வடித்தாள், சாயோ பாத்திரம் துடைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் சிரித்தேன், நான் கதவருகில் போனேன், நாங்கள் நால்வரும் ஆரஞ்சு தின்றோம் என்று போனது. சாயோ என்றும் எழுதுகிறாள், நான் என்றும் எழுதுகிறாள், ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிக் குழப்புகிறாள் என்று எனக்குக் கோபம். பிள்ளைகள் கட்டுரையில் 'நான், நான்' என்று வந்தால் வெட்டித் தள்ளுவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். ஏழு இடத்தில் 'நான்' இருந்தது. ஏழையும் இரட்டைக் கோடு போட்டு அடித்தேன். எங்கள் மொழியில் வினைச்சொல் ஆளைக் காட்டாது, 'நான்' போனால் அந்த ஆளும் போய்விடும். கடைசியில் 'நால்வரும்' என்பதை அடித்து 'மூவரும்' என்று மாற்றினேன். திருத்தியதைப் படித்தால் கட்டுரை சுத்தமாக இருந்தது. அப்பா, அம்மா, சாயோ. மூன்று பேர்.

பூ வட்டம் போட்டேன். சரியான விடைக்கு வட்டம் போடுவோம். மனசுக்குப் பிடித்துவிட்டால் வட்டத்தைச் சுழித்துச் சுழித்துச் சுற்றி இதழ் வைப்போம். அந்த இழவெடுத்த பூவுக்கு எட்டு இதழ் வைத்தேன்.

டிசம்பர்த் தாள் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது வெள்ளைதான். ஒரு சாம்பல் தீற்றல் கிடையாது. அச்சடித்தது போல எழுத்து. எல்லா விடையும் கம்பெனியின் விடைக்குறிப்பில் இருக்கிற மாதிரியே, ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லாமல். மறுபயிற்சிக்காகத் திரும்ப வந்திருந்த, அறையில் எத்தனை பேர் என்ற ஆங்கிலக் கேள்விக்கு மூன்று. மீனவனின் அம்மா பற்றிய கேள்விக்கு, அக்டோபரில் எழுதிய அந்த அருமையான விடை போய், விடைக்குறிப்பின் வரி.

கேள்விச் சீட்டு காலியாக இருந்தது. உறைக்குள் திரும்பப் போடுவதற்காகத் திருப்பினேன். பின்பக்கத்து மூலையில், விரலால் தேய்த்துவிட்டது போன்ற சாம்பல். அதற்குள் ஒரு வரி.

'டீச்சர், இப்போ கதவை நான்தான் சாத்துறேன்.'

நவம்பர்ச் சீட்டைத் தேடி எடுத்து, முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். என் பேரை அவளுக்குக் கொடுத்திருக்கேன். நான் வெறும் நான்னு வர்றேன். அந்த 'நான்' ஏழையும் அடித்த கை, மேசை மேல் என் கண் முன்னாலேயே இருந்தது. பெற்றவர்கள் பெயர் வைத்து வளர்த்த பிள்ளையை, பார்க்காமலே, எட்டு நிமிஷத்தில் அவள் வீட்டிலிருந்து அடித்துவிட்டேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் பகுதியைப் பார்க்கிறவன் உசுயி என்ற பையன்.

"உசுயி தம்பி, அந்த நிஷிவாகி சாயோவோட முகவரி வேணும்."

"டீச்சர், விதி தெரியும்ல? முகவரி தர முடியாது."

"அந்தப் பிள்ளைக்கு ஆபத்து."

"எந்தப் பிள்ளை? சாயோவா? அவங்க அம்மா நேத்துதான் நன்றிக் கடுதாசி போட்டிருக்காங்க. மார்க் எகிறிடுச்சாம், எழுத்து சுத்தமாயிடுச்சாம், சொன்ன பேச்சு கேக்குறாளாம். உங்க பேரை மாசப் பத்திரிகையில போடலாம்னு இருக்கோம். வாழ்த்துக்கள் டீச்சர்."

"உன் வாழ்த்தைத் தூக்கி உடைப்புல போடு" என்று வைத்துவிட்டேன்.

உறையில் தபால் முத்திரை இருந்தது. ஓதானி. ஹிரோஷிமாவுக்குப் போகும் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். தெய்சோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து, கல் ஏற்றும் லாரியின் சக்கரத்துக்கு, பனியில் வழுக்காதபடி, சங்கிலி மாட்டப் போய்விட்டார்.

"என்னை நம்புறீங்களா?" என்றேன்.

"நம்புறதாவது நம்பாததாவது. உயிரோட இருக்கற ஆளோட சிவப்பைச் சுரண்டிட்டேன்னு தெரிஞ்சா நான் ராத்திரி தூங்குவேனா? ஏறுடி."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓதானியில் இருந்தோம். தபாலாபீஸ் பக்கத்துச் சோயாப் பனீர்க் கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். சாயோவின் அப்பா நிஷிவாகி கூரையிலிருந்து பனி தள்ளிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கிக் கும்பிட்டார். சாயோவின் அம்மா பூரித்துப்போனாள்.

"டீச்சர் நேர்லயே வந்துட்டீங்களா! இந்தப் பனியில! உள்ள வாங்க, உள்ள வாங்க."

அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய சூட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் வந்தாள். நேர்த்தியாகத் தலை சீவியிருந்தாள். தரையில் கை ஊன்றி வணங்கினாள்.

"ஓநுகி டீச்சர், உங்க தயவாலதான் நான் இப்படி இருக்கேன்" என்றாள்.

அதை அவள் மரியாதைக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள்.

அம்மா தட்டில் தேநீர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கோப்பையாக வைத்தாள். அவர்கள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர். ஆறாவது கோப்பையும் தட்டில் ஆவி பறக்க நின்றது.

"பாருங்க கூத்தை. ஒண்ணு கூட ஊத்திட்டேன். இந்த ஒரு மாசமா இப்படித்தான். சோறு போட்டாலும் ஒரு கிண்ணம் கூடப் போயிடுது" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணில் நீர் கோர்த்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துக்கொண்டாள்.

"நான் உள்ள வச்சுடறேன்மா" என்று சாயோ கோப்பையை எடுத்தாள். வலது கையால்.

"இருக்கட்டும். அந்தக் கோப்பை அங்கேயே இருக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் நிஷிவாகி திடுக்கிட்டுப்போனார். தெய்சோ என் முழங்காலைத் தொட்டார்.

"உங்க பொண்ணு இடதுகைக்காரி இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இவளா? இல்லையே டீச்சர். பொறந்ததுலேர்ந்து வலது கைதான்." சொல்லும்போது சுவரை ஒட்டியிருந்த அலமாரியைப் பார்த்தாள். அதன் மேல் இடதுகைக்காரர்கள் பிடிக்கும் கத்தரிக்கோல் ஒன்று கிடந்தது. அதை யாருக்காக வாங்கினோம் என்று யோசிப்பது போல ஒரு கணம் நின்றாள்.

நவம்பர்க் கட்டுரையைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெண் பணிவாகக் கொண்டுவந்து விரித்தாள். என் ஏழு இரட்டைக் கோடும், எட்டு இதழ்ப் பூவும்.

திருத்துகிறவர்களுக்குள் ஒரு குறி உண்டு. அடித்த சொல்லை அடித்தது தவறு, அது இருக்கவேண்டும் என்றால், பக்கத்தில் 'உயிர்' என்று எழுதுவோம். அச்சகத்துக்காரர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் என் சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் 'நான்' பக்கத்தில் உயிர் என்று எழுதினேன். இரண்டாவதற்கு எழுதினேன். மூன்றாவது எழுதும்போது சமையல்கட்டில் தட்டு ஒன்று அசைந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். ஏழாவதும் முடிந்து, 'நால்வரும்' பக்கத்தில் உயிர் என்று எழுதி, தாளை அம்மா கையில் கொடுத்தேன்.

"இதைச் சத்தமா படிங்கம்மா. கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் படித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் சிரித்தேன் என்று படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. 'நாங்கள் நால்வரும் ஆரஞ்சு தின்றோம்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"நாலு பேரா? இதுல வர்ற இந்த 'நான்' யாரு?"

எனக்கு உயிர் வந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தாம்மா" என்றாள் அவள். "நான் எழுதுனதுதானே. 'நான்'னா நான்தானே. நாலுன்னு தப்பா எழுதிட்டேன், டீச்சர் ஏற்கனவே திருத்திட்டாங்க."

அம்மாவின் முகத்தில் ஏறிய ஏதோ ஒன்று அப்படியே இறங்கிவிட்டது. "அதானே பாத்தேன்" என்றாள்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே நொறுங்கிப்போனேன். பெயரில்லாத 'நான்' யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம். பெயரை அந்தப் பிள்ளை கொடுத்துவிட்டாள். அதற்கு முத்திரை வைத்தது நான். இந்த வீட்டில் இனி எத்தனை தடவை உயிர் என்று எழுதினாலும், அது முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கே போய்ச் சேரும்.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான் இருந்தது.

"டீச்சர், பத்தியில இருக்கறவங்களைத்தானே எண்ணணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். "நீங்கதானே சொன்னீங்க. என்னைத் திரும்ப அடிச்சுடாதீங்க."

அந்தப் பயத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவளையும் அடிக்க எனக்குக் கை வராது. ஒருத்தியை அடித்ததே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

எழுந்துகொண்டோம். காலணி மாட்டிக்கொண்டு வெளிவாசலில் இறங்கி, பனியில் நின்றேன். மூன்று பேரும் உள்ளே, மேட்டுத் தரையில், வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். கதவு அவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் திறந்து கிடந்தது.

"குளிருது" என்றாள் அம்மா.

கதவு நகர்ந்தது. மெல்ல, சத்தமில்லாமல், முழுசாகச் சாத்திக்கொண்டது. சாத்தியது வெளியே இருந்து. கதவின் ஓரத்து மரத்தில், என் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் தீற்றியிருந்தது.

தெய்சோ அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

நான் அந்தப் பனியைப் பார்த்து, யாருமில்லாத இடத்தைப் பார்த்து, பைத்தியக்காரி மாதிரி பேசினேன். "கண்ணு, என்னை மன்னிச்சுடு. அங்க உனக்கு இடம் இல்லாம பண்ணிட்டேன். எங்க வீட்ல இடம் இருக்கு. நாங்க ரெண்டே பேரு. வர்றியா?"

அழுதுகொண்டே லாரியில் ஏறினேன். தெய்சோ சாவியைத் திருகினார். என் பக்கத்துக் கதவைச் சாத்த மறந்திருந்தேன். அது தானாகச் சாத்திக்கொண்டது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில், எனக்கும் அவருக்கும் நடுவில், ஹமாதா போகும்வரை ஐஸ் வைத்தது போல ஒரு குளிர் உட்கார்ந்து வந்தது. தெய்சோ வளைவுகளில் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் காலை என் மேசை மேல், காலியாக வைத்திருந்த கேள்விச் சீட்டில் எழுத்து இருந்தது. தாள் முழுக்கச் சாம்பல்.

'டீச்சர், அம்மா ஆறு கோப்பை கொண்டுவந்தாங்கதானே? நான் சரியா எண்ணுனேனா?'

நான் பேனாவை எடுத்தேன். முதல் வரியில் பாராட்டு எழுதவில்லை. சரி என்று எழுதி, பூ வட்டம் போட்டேன். கண்ணீரில் மசி கலங்கக் கலங்க, தாளில் இடம் தீரும்வரை இதழ் வைத்தேன்.

உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதற்கு, நீங்களே வைங்க என்று எழுதினாள். அகானே என்று வைத்தேன். வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் கொடியின் பெயர் அது. தெய்சோ எங்களுக்காக வெட்டி வைத்திருந்த கல்லில் எங்கள் இரண்டு பெயருக்குப் பக்கத்தில் அதையும் வெட்டினார். மூன்றுக்கும் சிவப்பு ரொப்பினார். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். "எங்க பொண்ணு" என்றார். கம்பெனி என்னை அந்த மாதமே நீக்கியது, விதியை மீறி வீட்டுக்குப் போனதாக. போகட்டும். ஒரே ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில் எழுதவே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. எது கேட்டாலும், பாடத்தில் ஓட்டை இருந்தால் ஓட்டை என்றே எழுதினேன்.

இதெல்லாம் நடந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. அவள் எழுத்து இன்னும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எழுத்துதான்.

போன வசந்தத்தில் தெய்சோ போனார். அவர் பெயரிலிருந்த சிவப்பை நான்தான் சுரண்டினேன். உளி வழுக்கியபோதெல்லாம் யாரோ கல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது கல்லில் இரண்டு பெயர் சிவப்பு. என்னுடையதை அவள் சுரண்டுவாள், இடது கையால். அவளுடையதை யார் சுரண்டுவார்கள்? அந்தக் கேள்வியை அவளும் எழுதிக் கேட்டாள், போன மாதம். பதினேழு வருஷம் பத்து நாளுக்குள் பதில் எழுதியவள் நான். இந்தச் சீட்டு மட்டும் இன்னும் மேசை மேல் கிடக்கிறது.

நேற்று மதியம் நகராட்சியிலிருந்து ஒரு பையன் கணக்கெடுக்க வந்தான். வாசலில் நின்று படிவத்தை விரித்தான்.

"தனியாதானே இருக்கீங்கம்மா? ஒண்ணுன்னு போட்டுடறேன்."

"உள்ள வந்து பாத்துட்டு எழுது. ரெண்டு பேரு."

அவன் எட்டிப் பார்த்தான். மேசையில் இரண்டு கிண்ணம், இரண்டு கோப்பை. "இன்னொருத்தர் யாரு, எங்க இருக்காங்க?" என்றான்.

"குளிருது" என்றேன் நான்.

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து படிவத்தில் இரண்டு என்று எழுதினான்.